அணில்பிள்ளையின் குரல்

எங்கள் ஊருக்குப் பஸ் வருவதற்கு நாலைந்து வருஷம் முன்பே பஸ் சத்தம் வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தவன் நான்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்திய யூனியனோடு சேர்ந்த வருஷம் அது. இலுப்பூர் கடைத்தெருவுக்குக் கரிவாயுவில் ஓடும் பஸ் ஒன்று வரும். முதுகில் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பைக் கட்டிக்கொண்டிருக்கும். கிளம்புவதற்கு முன்னால் ஓர் ஆள் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அதற்கு மூச்சுக் கொடுக்க வேண்டும். முதலில் இருமும், அப்புறம் விக்கும், சரி கிளம்பிவிட்டது என்று ஜனங்கள் ஏறி உட்கார்ந்ததும் பொசுக்கென்று அடங்கிவிடும். கடலை மூட்டையை இறக்கிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற நேரத்தில் நான் இதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஊருக்குத் திரும்பியதும் கிணற்றடியில் நாலு பேர் கூடினால் தொண்டையிலிருந்து எடுத்துவிடுவேன். பஸ்ஸோடு, கூடைக் கோழியை வைத்துக்கொண்டு ஏறுகிற அம்மாளும் வருவாள், கண்டக்டரும் வருவார், கூடைக்குள் மூச்சுமுட்டுகிற கோழியும் வரும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவன் நான். அந்தத் தொண்டை ஒன்றுதான் நார்த்தாமலை ஆத்தா எனக்குப் போட்ட பிச்சை.

அந்த மாசித் திருவிழாவுக்கு எங்கள் ஊரில் நாடகம் வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்து நாடகத்தில் ராஜா வேஷக்காரர் ஓர் ஊரிலிருந்து வருவார், ராணி இன்னோர் ஊரிலிருந்து வருவார், ஆர்மோனியம் வேறோர் ஊர். ஒத்திகை எல்லாம் கிடையாது, மேடையில்தான் சந்திப்பார்கள். கதை தொடங்குவதற்கு முன்னால் முதலில் வந்து ஜனங்களைச் சிரிக்கவைத்து உட்காரவைக்கிறவர் பபூன். அன்றைக்குப் புதுக்கோட்டையிலிருந்து வரவேண்டிய பபூன் வரவில்லை. அவர் ஏறிய கரிவாயு பஸ் வழியில் படுத்துவிட்டதாம். ஜனம் கத்த ஆரம்பித்துவிட்டது. ஊர் அம்பலகாரர் என்னைப் பிடித்து, "ஏய், கெணத்தடியில காட்டுவியே, அதைப் போய்க் காட்டு" என்று மேடையில் தள்ளிவிட்டார். வேட்டியும் மேல்துண்டுமாக நின்றேன். பபூன் ஏன் வரவில்லை என்று பஸ்ஸின் வாயாலேயே சொல்லத் தொடங்கினேன்: இருமி, விக்கி, அடங்கி, மறுபடி இருமி. ஆர்மோனியக்காரர் சிரித்த சிரிப்பில் துருத்தியை அழுத்த மறந்துவிட்டார்.

அடுத்த வருஷம் நானே பபூன். அரிமளம், திருமயம், கீரனூர் என்று பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் மேடைதான். மற்ற மாதங்களில் கடலைக்காடு. எல்லா ஊரிலும் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரை ஆர்மோனியக்காரரோடு சேர்ந்து கேலி பண்ணவேண்டும். பண்ணாவிட்டால் அவருக்கே வருத்தமாகிவிடும். பேர்பெற்ற பணக்காரர் ஒருவர், "போன வருசம் என்னைப் பேசுனீங்க, இந்த வருசம் பேசலையே, எதும் கோவமா?" என்று மறுநாள் என் கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறார்.

எனக்குப் பெண் கொடுக்கத்தான் யோசித்தார்கள். பபூன் என்றால் ஆட்டக்காரியிடம் அடி வாங்குகிற வேஷம். எப்படி மாப்பிள்ளை என்று சொல்லிக்கொள்வது? என் மனைவியோ கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். தான் மேடைப் பக்கம் வரமாட்டாள். தன் புருஷன் நாலு பேர் முன்னால் அடி வாங்குவதைத் தன் கண்ணால் பார்க்கமாட்டாள். அந்த வாக்கை அவள் காப்பாற்றினாள். பத்துப் பதினைந்து வருஷத்தில் ஒரு நாடகத்துக்கும் வந்ததில்லை. ஆகையால் ஊர் உலகமெல்லாம் கேட்ட என் குரல்களை அவள் கேட்டதே இல்லை. அவள் கேட்டது வீட்டுக்குள் நான் பேசிய ஒரே குரல்.

அது அணில்பிள்ளையின் குரல்.

எங்களுக்கு முதலில் பிறந்தது பெண். பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். சோறு என்றால் வாயை இறுக்கி மூடிக்கொள்ளும். கொல்லையில் ஒரு வேப்பமரம், அதில் அணில்கள் ஓடும். ஒருநாள் ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, தொண்டையை நெருக்கி, முதலில் ஒரு விக்கல் விக்கி, "நான் வந்துட்டேன், எனக்குச் சோறு எங்க?" என்று கேட்டேன். பாப்பா திரும்பிப் பார்த்தது. "குடுக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, வாய்க்குள் கவளத்தை வாங்கிக்கொண்டது. அன்றிலிருந்து அணில் வராமல் அந்தப் பிள்ளை சாப்பிடாது. நான் நாடகத்துக்குப் போயிருந்தால் திரும்பி வருகிறவரை அரை வயிறுதான். அடுப்படியில் இருந்து என் மனைவி அணிலைத் திட்டுவாள்: "வந்துருச்சு பாரு வெக்கங்கெட்ட அணிலு, ராத்திரித் தின்னது செரிக்கலையா அதுக்கு?" அணில் அவளுக்குப் பதில் சொல்லும். பாப்பா சிரித்துச் சோற்றை மேலெல்லாம் துப்பும். அந்தக் குரலை நான் மேடையில் எடுத்ததே இல்லை. எடுக்கக்கூடாது என்று நினைத்ததும் இல்லை. அது அந்தக் கொல்லையோடு சேர்ந்தது, அவ்வளவுதான்.

பாப்பாவுக்கு ஐந்து வயது நடக்கும்போது ஆத்தா வந்தாள். நோயின் பெயரை நாங்கள் வாயால் சொல்வதில்லை. முத்துப் போட்டிருக்கிறது என்போம், ஆத்தா விளையாடுகிறாள் என்போம். வாசலில் வேப்பிலை செருகினோம். தாளிக்கவில்லை, வீட்டைவிட்டு யாரும் வெளியூர் போகவில்லை, நான் முகம் மழிக்கவில்லை. ஆத்தா இருக்கிற வீட்டில் கூச்சல் கூடாது, கேலி கூடாது, சிரிப்புக் கூடாது. வந்திருக்கிறவள் கோபித்துக்கொள்வாள். எனக்கு அது சொல்லித் தெரியவேண்டியதில்லை. பிறந்ததிலிருந்து பார்த்து வந்தது.

பாப்பா வாழையிலையில் படுத்திருந்தது. இமைகூடத் திறக்கமுடியாமல் முத்து. அந்த நிலையில் அது என்னைக் கேட்டது, "அப்பா, அணிலு வரலையா?" என்று.

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "ஆத்தா இருக்காடா தங்கம். அவ போனப்பறம் அணிலு வரும்" என்றேன். அடுத்த நாளும் கேட்டது. அதற்கு மறுநாளும் கேட்டது, ஆனால் குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. ஊரையே சிரிக்கவைக்கிற தொண்டையை வைத்துக்கொண்டு நான் வேப்பிலையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் விடியற்காலையில் பிள்ளை போய்விட்டது.

யாரைக் குறை சொல்வது? அவளும் பயந்தாள், நானும் பயந்தேன். இரண்டு பேரும் பயந்தது பிள்ளைக்காகத்தான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவள் ஆத்தா படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றினாள். என்னைக் கூப்பிட்டாள். "எம்புள்ள கேட்டப்ப வராத கொரலு இனி யாருக்கும் வரக்கூடாது. சூடத்தை அணைங்க" என்றாள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தேன். எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் சத்தியம் கிடையாது. பத்திரம் எழுதிக் கொடுத்ததை மாற்றினாலும் மாற்றுவார்கள், சூடம் அணைத்ததை மாற்றமாட்டார்கள்.

ஆறு மாதம் மேடை ஏறவில்லை. அப்புறம் ஏறினேன். அதே கழுதை, அதே கோழி, அதே பஸ். ஜனங்கள் சிரித்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மகன் பிறந்தான். அவனை அவள் வேறு மாதிரி வளர்த்தாள். ஊருக்குள் அம்மை குத்துகிறவர்கள் வந்துவிட்டார்கள் என்று தெரிந்தால் அவனைத் தூக்கி நெற்குதிருக்குள் இறக்கி மூடியை வைத்துவிடுவாள். குத்தினால் ஆத்தாவுக்கு ஆகாது, அவளை வரவேண்டாம் என்று சொல்வதாகிவிடும் என்பது அவள் பயம். ஏற்கெனவே ஒன்றைக் கொடுத்தவள். வாசலில் நின்று, "வீட்ல சின்னப்புள்ள யாரும் இல்லைங்க" என்று பொய் சொன்னது நான்தான்.

இதற்கிடையில் திருச்சி ரேடியோவில் கிராமத்து ஜனங்களுக்கான நிகழ்ச்சியில் ஆடு மாடு மாதிரி பேச என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு மூன்று முறை போய்வந்தேன். அதைக் கேட்ட யாரோ சொல்லி, சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தபால்காரரே படித்துக் காட்டினார். பொம்மைப் படம் ஒன்று எடுக்கிறார்களாம். அதில் வருகிற உருவங்களுக்குக் குரல் கொடுக்க வேண்டுமாம். என்ன படம் என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் போயிருக்கமாட்டேன்.

கோடம்பாக்கத்தில் ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் சாக்கு அடித்திருந்தார்கள். நடுவில் மைக். எதிரே திரையில் படத்தின் ஒரு துண்டு திரும்பத் திரும்ப ஓடும். பொம்மை வாயைத் திறக்கும்போது நாம் பேசவேண்டும், மூடும்போது நிறுத்தவேண்டும். மேடையில் ஜனங்கள் சிரித்து முடிக்கிறவரை காத்திருந்து பழகினவனுக்கு இது பெரிய கஷ்டம். பொம்மை யாருக்காகவும் காத்திருக்காது.

முதலில் ஓர் அரக்கன் வந்தான். தலைவிரிகோலம், சிவப்புக் கண், உடம்பெல்லாம் கொப்புளம். அம்மை குத்திக்கொள்ளச் சொல்கிற படம் இது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எழுந்து நின்றுவிட்டேன். படம் எடுக்கிறவர் இளவயது, மரியாதை தெரிந்தவர். என்ன என்று கேட்டார். இது ஆணா பெண்ணா என்று கேட்டேன். எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றார். "ஐயா, பொம்பளை கொரல்னா நான் இப்பவே ரயிலேறிருவேன்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. ஆண் என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த அரக்கனுக்குச் சளி பிடித்த தடியன் ஒருவனின் குரலைக் கொடுத்தேன். மிரட்டுகிறபோதெல்லாம் மூக்கு அடைத்துக்கொள்ளும் அவனுக்கு. ஆத்தா வேறு, இவன் வேறு. அவள் பெயரைச் சொல்லிக்கொண்டு வீடு புகுகிற திருட்டுப் பயல் இவன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொண்ட பிறகுதான் வாய் திறந்தது.

அடுத்தது முயல்குட்டி. ஊசிக்குப் பயந்து ஓடுகிறது, பொந்தில் ஒளிகிறது, கடைசியில் வெளியே வந்து கையை நீட்டுகிறது. நீட்டிவிட்டு மற்றப் பிள்ளைகளையும் கூப்பிடுகிறது. இதற்கு என்னென்னவோ குரல் போட்டேன். கிளி போட்டேன், கோழிக்குஞ்சு போட்டேன், பெண் பிள்ளை மாதிரி பேசினேன். எதுவும் பொருந்தவில்லை. படக்காரர் பொறுமையாக, "சிரிப்பு வருது, ஆனா ஒரு கொழந்தை இதை நம்பிப் பின்னால போகுமா?" என்றார்.

அது நியாயமான கேள்வி. ஒரு குழந்தை நம்பிப் பின்னால் வந்த குரல் ஒன்று என்னிடம் இருந்தது. அது ஒன்றுதான் இருந்தது. பொந்துக்குள் ஒளிந்திருக்கிற அந்த முயலைப் பார்க்கப் பார்க்க, குதிருக்குள் இருட்டில் உட்கார்ந்திருக்கிற என் மகன் ஞாபகத்துக்கு வந்தான். வெளியே வந்து நில் என்று அவனுக்குச் சொல்லத் துணிவில்லாத நான் ஊரார் பிள்ளைகளுக்கு எந்த வாயால் சொல்வது? தண்ணீர் கேட்டுக் குடித்தேன். "ஆத்தா, தப்புன்னா அது எந்தலையோட போகட்டும்" என்று வேண்டிக்கொண்டேன். துண்டு மறுபடி ஓடியது. முயல் பொந்திலிருந்து தலையை நீட்டியது. ஒரு விக்கல் விக்கிவிட்டு, "நான் வந்துட்டேன்" என்றேன்.

அவர்கள் எழுதிக் கொடுத்ததில் அந்த வார்த்தை இல்லை. யாரும் தடுக்கவில்லை. முடிக்கிறவரை நானும் நிறுத்தவில்லை. முடித்துவிட்டு வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஊருக்கு வந்து அவளிடம் அரக்கனைப் பற்றியும் சொல்லவில்லை, முயலைப் பற்றியும் சொல்லவில்லை. பட்டணத்தில் என்ன வேலை என்றாள். ஆடு மாடு மாதிரி பேசச் சொன்னார்கள் என்றேன். வெள்ளிக்கிழமைகளில் அவள் சூடம் ஏற்றும்போது நான் கொல்லைப் பக்கம் போய்விடுவேன். உள்ளங்கையில் பழைய சூட்டுத் தழும்பு எதுவும் கிடையாது. ஆனாலும் கையை மூடிக்கொண்டுதான் நடப்பேன்.

படம் எங்கேயோ ஓடும், எங்கள் ஊருக்கா வரப்போகிறது என்று இருந்தேன். எட்டு மாதம் கழித்துச் சர்க்கார் வேன் வந்து பள்ளிக்கூட மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டியது. நாடகம் இல்லை, சினிமா என்றதும் ஊரில் எல்லாப் பெண்களும் புறப்பட்டார்கள். என் மனைவியும் மகனைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். போகாதே என்று எதைச் சொல்லி நிறுத்துவது?

இருட்டத் தொடங்கியதும் படம் போட்டார்கள். அரக்கன் வந்து மூக்கடைத்த குரலில் மிரட்டியதுமே பின்னாலிருந்து என் பங்காளி ஒருவன், "யாரு, நம்ம பபூனுல்ல? சனியன் புடிச்சவன் அங்கிட்டும் போயி சளியோடதான் பேசுறான்" என்றான். மைதானமே சிரித்தது. என் மனைவிகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். அவள் முதல்முறையாக என் மேடைக் குரலைக் கேட்கிறாள்.

அப்புறம் முயல் வந்தது. விக்கியது. "நான் வந்துட்டேன்" என்றது.

என் மகன் கைதட்டினான். அவனுக்கு அந்தக் குரல் தெரியாது. அவள் முந்தானையை வாயிலிருந்து எடுக்கவில்லை. படம் முடிகிறவரை அசையவும் இல்லை. முடிந்ததும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். வீட்டில் கஞ்சி ஊற்றி வைத்தாள். நானாகச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். தொண்டையில் எந்தக் குரலும் வரவில்லை, என் சொந்தக் குரல்கூட.

விடிந்ததும் நான் காட்டுக்குப் போய்விட்டேன். பதினோரு மணிக்குத் திரும்பினால் வீட்டில் யாரும் இல்லை. குதிரின் மூடியைத் திறந்து பார்த்தேன். இல்லை. கொஞ்ச நேரத்தில் இருவரும் வந்தார்கள். மகன் அழுது ஓய்ந்த முகத்தோடு இடது தோளைக் காட்டினான். வட்டமாக, சிவப்பாக, அம்மை குத்தின அடையாளம். வேனில் வந்து பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டவர்களிடம் அவளே கூட்டிப் போயிருக்கிறாள்.

அப்போதுதான் பேசினாள். "நேத்து அது ஒங்க கொரலா எனக்குக் கேக்கல. பாப்பா கொல்லையில ஒக்காந்து சிரிக்கிற மாதிரி இருந்துச்சு. அது வந்து கையைக் காட்டுன்னு சொல்றப்ப நான் எப்படித் தம்பியை ஒளிச்சு வைப்பேன்?"

நான் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்: சாக்கு அறை, பொருந்தாத குரல்கள், வேண்டிக்கொண்டது. கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சத்தியத்தைத் தப்புனது தப்புதான்" என்றாள். "வாங்கிக்கிட்டவ நான் இல்ல, ஆத்தா. அவகிட்டதான் போய் நிக்கணும்." மஞ்சள் துணியில் ஒரு காணிக்கை முடிந்து தயாராக வைத்திருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நார்த்தாமலை ஆத்தா கோயிலுக்குப் போனோம். மகனுக்குக் குத்தின இடம் பழுத்துக் கொஞ்சம் காய்ச்சல் இருந்தது. சட்டை படாமல் துண்டைச் சுற்றித் தூக்கிக்கொண்டேன். திருவிழா இல்லாத நாள், கூட்டம் இல்லை. பூசாரி சூடத்தைக் காட்டிவிட்டு விபூதி எடுக்க அந்தப் பக்கம் போனார். என் மனைவி மஞ்சள் முடிச்சைப் படியில் வைத்துவிட்டு விழுந்து கும்பிட்டாள். நானும் கும்பிட்டு எழுந்தேன். முடிந்தது என்று நினைத்துத் திரும்பினேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பாப்பா ஆத்தா மடியிலதான் இருக்கு. கேட்டுச்சுல்ல மூணு நாளு? இங்க பேசுங்க."

"இங்கயா?"

"இங்கதாங்க. ஆத்தாவே கேக்கட்டும். அவ கோவிச்சுக்கிட்டா ரெண்டு பேரையும் கோவிச்சுக்கட்டும்."

கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு விக்கல் விக்கினேன். "நான் வந்துட்டேன், எனக்குச் சோறு எங்க?" என்றேன். பாதியில் குரல் உடைந்தது, மறுபடி எடுத்தேன். பூசாரி விபூதித் தட்டோடு வந்து, அணில் எங்கே புகுந்துவிட்டது என்று மேலே உத்தரத்தைப் பார்த்தார்.

தோளில் இருந்த மகன் நிமிர்ந்தான். பள்ளிக்கூட மைதானத்து முயல் என் வாயில் இருக்கிறது என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. என் மோவாயைப் பிடித்து வாய்க்குள் பார்த்தான். அப்புறம், காய்ச்சலோடு, ஆத்தாவின் சந்நிதியில், இரண்டு பக்கச் சுவரிலும் எதிரொலிக்கிற மாதிரிச் சிரித்தான்.

சிரிக்காதே என்று அவனை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.